பாடலுக்கும் வேண்டும் ஓர் இஸ்னாது

ஹதீஸ் பாடம் நடத்தும் ஆசிரியன் தன் மாணவர்களுக்கு முதலில் கற்பிப்பது, ஒரு செய்தியைக் கேட்டவுடன் 'இதை யார் சொன்னார்?' என்று வினவும் பழக்கத்தைத்தான். அறிவிப்பாளர் தொடராகிய இஸ்னாது மார்க்கத்தின் ஒரு பகுதியே என்பது இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்களின் கருத்து. இதைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் நான், ஒருநாள் என் மாணவர் ஒருவரிடமே தோற்றுப்போனேன்.

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் உள்ள திமிரியில் ஒரு திருமண வீடு. ஒலிபெருக்கியில் 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஒலித்துக்கொண்டிருந்தது. உடன் வந்திருந்த மாணவர் கேட்டார்: "ஹஜ்ரத், இந்தப் பாட்டு யாருடையது?" சற்றும் தயங்காமல், "நாகூர் ஹனிபாவுடையது" என்றேன். அவர் விடவில்லை: "பாடியவர் அவர்தான் ஹஜ்ரத். எழுதியவர் யார்?" எனக்கு விடை தெரியவில்லை. நாற்பதாண்டுகளாகக் கேட்டுவந்த பாடல் அது.

பாடியவரை நாம் நன்கறிவோம். 1925 டிசம்பர் 25 அன்று பிறந்து, 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்த இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் குரல், எங்கள் தோல் பதனிடும் ஊர்களுக்கு அந்நியமானதன்று. மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் பெருநாள் காலையும் நிக்காஹ் பந்தலும் அக்குரலின்றி நிறைவுற்றதில்லை. திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் முழங்கியதும் அதே குரல்தான். 2002ஆம் ஆண்டு வாணியம்பாடிச் சட்டமன்ற இடைத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளராகவும் அவர் நின்றார், வெற்றி கிட்டவில்லை. ஆனால் அவருக்கு வாக்களிக்காதவர் வீட்டிலும் அவருடைய பாடல் ஒலித்தது. 1955இல் வெளிவந்த 'குலேபகாவலி', 1961இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' ஆகிய திரைப்படங்களிலும் அவர் பாடியுள்ளார். எனினும் மக்கள் நெஞ்சில் அவரை நிலைநிறுத்தியவை திரைப்பாடல்கள் அல்ல. இசைத்தட்டுகளாகவும் பின்னர் ஒலிநாடாக்களாகவும் பரவிய இஸ்லாமியப் பாடல்களே.

எழுதியவரைப் பின்னர் தேடி அறிந்தேன். மயிலாடுதுறை வட்டாரத்துக் கிளியனூரைச் சேர்ந்த கவிஞர் ஆர். அப்துல் சலாம் என்பது அவர் பெயர். பெயரை அறிந்தபின் பாடலை மீண்டும் கேட்டபோது, இதுவரை குரலையே கேட்டுவந்திருக்கிறேன், சொல்லைக் கேட்கவில்லை என்பது விளங்கிற்று.

அடியான் ஏந்திய கைகளை வெறுமையாகத் திருப்பியனுப்ப அல்லாஹ் நாணுகிறான் என்ற கருத்துடைய நபிமொழியை ஸல்மானுல் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் அது பதிவாகியுள்ளது. அந்தப் பாடலின் உயிர்க்கருத்தும் அதுவே. மதரஸாவின் வாசலை மிதித்திராத தொழிலாளியும், அடுப்படியைவிட்டு அகலாத தாயும் அந்நபிமொழியின் சாரத்தை அறிந்தது எங்கள் வகுப்பறையிலன்று, இந்தப் பாடலில்தான். கவிஞர் அதை நபிமொழி என்று அறிவிக்காமலே நெஞ்சில் பதித்துவிட்டார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. பாடலின் முதற்சொல் 'இறைவன்'. திருக்குறளின் கடவுள் வாழ்த்திலேயே இடம்பெற்ற பழந்தமிழ்ச் சொல் அது. 'அல்லாஹ்' என்னும் திருநாமம் பாடலினுள்ளே வருகிறது. ஆனால் வாசலில் நின்று அழைப்பது எல்லாத் தமிழரும் அறிந்த சொல். இப்பாடலைப் பிற சமயத்தவரும் தம்முடையதாகக் கொண்டு தம் விழாக்களில் ஒலிக்கச் செய்வதற்கு ஹனிபா அவர்களின் கம்பீரக் குரலையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. கதவைத் திறந்துவைத்தவர் கவிஞர். அதன் வழியே அனைவரையும் உள்ளே அழைத்துச் சென்றவர் பாடகர்.

இவ்வாறு மறைந்து நிற்பவர் அப்துல் சலாம் ஒருவர் மட்டுமல்லர். ஹனிபா அவர்களுக்குப் பாடல்கள் அளித்தவர்களுள் புலவர் ஆபிதீன், 2013இல் மறைந்த நாகூர் சலீம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். இப்பெயர்களை நாகூரிலும் காரைக்காலிலும் அறிந்தோர் உளர். எங்கள் பாலாற்றுக் கரையில் அறிந்தோர் எத்தனை பேர்?

நம் முன்னோர் மரபு இவ்வாறு இருக்கவில்லை. உமறுப்புலவரின் பெயரின்றிச் சீறாப்புராணத்தை நாம் சொல்வதில்லை. அவரை ஆதரித்த வள்ளல் அபுல் காசிம் மரைக்காயரும் அந்நூலினுள்ளேயே போற்றப்படுகிறார். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடலைப் பாடுவோர் அவர் பெயரைச் சொல்லியே பாடினர். இமாம் பூஸிரீ (ரஹ்) அவர்களின் புர்தாவைத் தமிழகத்து மஜ்லிஸ்களில் ஓதுவோர் இயற்றியவரை மறந்ததில்லை.

இதற்கு எங்கள் பகுதியிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருது முஷாயிராக்களைக் கேட்டவர்கள் அறிவார்கள்: கஸலின் கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பொதிந்துவைப்பார். அந்த ஈரடியை மக்தஃ என்றும், அப்பெயரைத் தகல்லுஸ் என்றும் வழங்குவர். அதனால் எந்தப் பாடகர் பாடினாலும், எந்த ஊரில் பாடினாலும், கவிஞரின் பெயர் பாட்டோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. இஸ்னாது கவிதைக்குள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டுவிடுகிறது.

இசைத்தட்டுக் காலத்துத் தமிழ்ப் பாடல்களுக்கு இந்தக் காப்பு அமையவில்லை. தட்டின் நடுவில் ஒட்டிய தாளில் எழுதியவரின் பெயர் அச்சாகியிருந்தாலும், பந்தலில் அமர்ந்து கேட்பவர் அதைப் பார்ப்பதில்லை. ஒலிநாடாவின் உறை கிழிந்தது; பெயரும் அதோடு போயிற்று. இன்று கைப்பேசியில் பாடல் ஒரு நொடியில் கிடைக்கிறது. ஆயினும் பாடகரின் பெயரும் படமும் முன்னே நிற்க, கவிஞரின் பெயர் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஊடகம் மாறமாற, குரல் தெளிவடைந்தது, எழுதியவர் மங்கிப்போனார்.

'இசைக்கருவிகளோடு பாடப்பட்டவற்றுக்கு ஓர் ஆலிம் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இசையைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு பழமையானது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனி அத்தியாயமே வகுத்து, நிபந்தனைகளோடு இடமளித்தார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) தம் தல்பீஸு இப்லீஸில் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த விவாதத்தை இக்கட்டுரையில் தீர்க்க நான் முற்படவில்லை. ஆனால் கவிதையும் ஒரு பேச்சே, அதில் நல்லது நல்லதாகவும் தீயது தீயதாகவும் கொள்ளப்படும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்காகப் பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் மிம்பர் அமைத்துக் கொடுத்தார்கள் என்பதை நாம் அறிவோம். மிம்பரில் ஏறியவர் கவிஞர் அல்லவா? மெட்டையும் கருவியையும் ஏற்காதவர்களுக்கும் சொல்லை மதிப்பதில் தடையில்லை. அவர்கள்தாம் சொல்லுக்கு உரியவரை முதலில் தேட வேண்டும்.

மதீனத்து மக்கள் நபியவர்களை வரவேற்றுப் பாடியதாகச் சொல்லப்படும் 'தலஅல் பத்ரு'வை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் முஸ்லிம் குழந்தைகள் பாடும் பாடல் அது. அதையும் அறிஞர்கள் விட்டுவைக்கவில்லை. பாடலில் வரும் 'ஸனிய்யத்துல் வதாஃ' ஷாம் திசையில் இருப்பதால், அது ஹிஜ்ரத்தின்போதன்று, தபூக்கிலிருந்து திரும்பியபோது பாடப்பட்டிருக்க வேண்டும் என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) ஆராய்ந்தார்கள். அன்புக்குரிய பாடல் என்பதற்காக ஆராய்ச்சி நின்றுவிடவில்லை; ஆராய்ந்ததால் அன்பும் குறைந்துவிடவில்லை. அந்த நேர்மையில் ஒரு பங்கையேனும் நம் தமிழ்ப் பாடல்களுக்கு நாம் காட்டக்கூடாதா?

செய்ய வேண்டியது பெரிதன்று. வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடா உறைகளையும் கந்தூரிக் கடைகளில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களையும் எறிந்துவிடாமல், அவற்றில் உள்ள பெயர்களை எழுதிவைத்தாலே பெரும்பணி நிறைவேறும். அந்தப் பாடல்களை இளமையில் கேட்ட பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத், உமராபாத் தாருஸ்ஸலாம் போன்ற பெருங்கலைக்கூடங்கள் விளங்கும் இந்த வட்டாரத்தில், தேடித் தொகுக்கும் பயிற்சியுடைய மாணவர்களுக்குக் குறைவில்லை.

என்னிடம் கேள்வி கேட்ட அந்த மாணவர் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார். இடப்பக்கத்தில் பாடல், வலப்பக்கத்தில் எழுதியவர். வலப்பக்கத்தில் வெற்றிடங்களே மிகுதி. சென்ற ரமளானில் ஸஹர் நேரத்தில் அதே பாடல் ஒலித்தபோது, பக்கத்திலிருந்த சிறுவனிடம் சொன்னேன்: "இதை எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம், பாடியவர் நாகூர் ஹனிபா." ஒரு பாடலை அதன் இஸ்னாதோடு நான் அறிவித்தது அதுவே முதல் முறை. எழுதியவருக்கும் பாடியவருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.