கடவுச்சொல் யார் கையில்? சேவையகவழி உள்நுழைவின் வரலாறும் கொழும்பின் பங்கும்

வத்தளையில் இருக்கும் ஒருவர் கைப்பேசியில் ஒரு நிறுவனத்தின் தளத்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தட்டும் கடவுச்சொல் முதலில் அந்த நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகிறது. அது அங்கே சரிபார்க்கப்படுவதில்லை. சேவையகம் அதை மும்பையிலோ சிங்கப்பூரிலோ இயங்கும் மேகச் சேவை ஒன்றிடம் கையளித்து, பதிலை வாங்கி, பயனரை உள்ளே விடுகிறது. பயனரின் கருவி நேரடியாக மேகத்துடன் பேசாமல், இடையில் நிற்கும் சேவையகமே உள்நுழைவைத் தொடங்கிவைக்கும் இம்முறை எப்படி உருவானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கடவுச்சொல் காலப்போக்கில் செயலிகளின் கையிலிருந்து விலகிக்கொண்டே வந்தது என்றுதான் இந்த வரலாறு வழக்கமாகச் சொல்லப்படுகிறது. கிடைக்கும் சான்றுகள் அவ்வளவு நேரான பாதையைக் காட்டவில்லை.

1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு பலர் ஒரே கணினியைப் பகிரும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பில் கடவுச்சொல்லைப் புகுத்தியது. 1966இல் அங்கே ஒரு தற்காலிகக் கோப்பு மாறிப்போய், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் நுழைந்தவர் ஒவ்வொருவரின் திரையிலும் ஓடின. 1979இல் ரொபர்ட் மொரிஸும் கென் தொம்சனும் எழுதிய கட்டுரை, கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், உப்பு எனப்படும் சில எழுத்துகளைக் கலந்து மீட்க முடியாதபடி உருமாற்றி வைக்கும் யுனிக்ஸ் முறையை விளக்கியது. சேமிப்பு பாதுகாப்பானது. ஆனால் நுழையும் கணத்தில் கடவுச்சொல் இயந்திரத்தின் முன் வெட்டவெளிச்சமாகவே நின்றது.

இதை மாற்ற இரண்டு முயற்சிகள் நடந்தன. எம்.ஐ.டி.யின் கெர்பரோஸ், சரிபார்ப்பைத் தனியொரு சேவையகத்திடம் ஒப்படைத்து, மற்றச் சேவைகளுக்குச் சீட்டு மட்டும் வழங்கியது. ஸ்டான்போர்டில் தொமஸ் வூ 1998இல் வெளியிட்ட எஸ்.ஆர்.பி. நெறிமுறையில், கடவுச்சொல்லை அனுப்பாமலே அது தெரியும் என்று நிரூபிக்கலாம். இணையத்தில் வென்றது இரண்டுமல்ல, மூன்றாவது வழிதான்: உலாவியை அடையாளம் வழங்குபவரின் பக்கத்துக்கே திருப்பிவிடுவது. 2005இல் எஸ்.ஏ.எம்.எல். 2.0, 2012இல் ஓஆத் 2.0, 2014இல் ஓபன் ஐடி கனெக்ட் என்று அந்தப் பாதை சீரானது.

இந்த இடத்தில்தான் கொழும்பு வரலாற்றுக்குள் வருகிறது. சஞ்சீவ வீரவரணவும் கூட்டாளிகளும் 2005இல் தொடங்கிய டபிள்யு.எஸ்.ஓ.2 நிறுவனம், பிற்பாடு ‘ஐடென்டிட்டி சேர்வர்’ என்று அறியப்பட்ட திறந்த மூல மென்பொருளை வளர்த்தது. எஸ்.ஏ.எம்.எல்., ஓஆத், ஓபன் ஐடி கனெக்ட் மூன்றையும் பேசக்கூடிய அந்தத் தயாரிப்பு பல நாடுகளின் நிறுவனங்களில் ஓடுகிறது. பின்னர் அதே நிறுவனம் ‘அஸ்கார்டியோ’ என்ற மேகச் சேவையையும் தொடங்கியது. 2024இல் சுவீடனைத் தளமாகக் கொண்ட ஈ.க்யூ.டி. முதலீட்டு நிறுவனம் டபிள்யு.எஸ்.ஓ.2ஐ வாங்கியது. இலங்கையின் மென்பொருள் துறையை வெளிநாட்டுக்கான கூலிவேலையாக மட்டும் எழுதுபவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அமேசன் 2014இல் கொக்னிட்டோ என்ற மேகவழி உள்நுழைவுச் சேவையை அறிமுகப்படுத்தி, 2016இல் பயனர் தொகுதி வசதியைச் சேர்த்தது. கைப்பேசிச் செயலிகளுக்கு அது பரிந்துரைத்தது எஸ்.ஆர்.பி.யைத்தான். கூடவே நிருவாகி வழியிலான தனியொரு அழைப்பையும் வைத்தது. சேவையகம் தனது இரகசியச் சாவியால் ஒப்பமிட்டு, பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புகிறது. எல்லாம் சரியென்றால் அடையாளம், அணுகல், புதுப்பித்தல் என மூன்று டோக்கன்கள், அதாவது மின் நுழைவுச்சீட்டுகள், வருகின்றன. அமைப்பை மாற்றாவிட்டால் முதல் இரண்டும் ஒரு மணிநேரம் செல்லும், மூன்றாவது 30 நாட்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்போ கடவுச்சொல் மாற்றமோ தேவையெனில், டோக்கனுக்குப் பதிலாக ஒரு கேள்வியும் தற்காலிக அமர்வுக் குறியும் திரும்பும். சேவையகம் பயனரிடம் விடையைப் பெற்று, அந்தக் குறியோடு மீண்டும் அழைக்க வேண்டும். எஸ்.ஆர்.பி.யும் திருப்பிவிடும் முறையும் கையில் இருந்தபோதே வெறும் கடவுச்சொல் சேவையகத்தின் கைக்குத் திரும்பிவிட்டது.

இதைப் பொறியாளர்களின் சோம்பல் என்று தள்ளுவது எளிது. இலங்கையின் அடையாள இலக்கம் வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2016 முதல் 12 இலக்க முறை வந்தது: ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, தொடரிலக்கத்தின் முன்னே ஒரு பூச்சியம் சேர்ந்தது, எழுத்து போயிற்று. ஆக, ஒரே மனிதரைக் குறிக்க இரண்டு இலக்கங்கள். அட்டை இலக்கத்தையே பயனர்பெயராக வைத்த ஒரு தளத்தில், வெள்ளவத்தைக்காரர் ஒருவர் இன்று பழையதையும் நாளை புதியதையும் தட்டலாம். மேகச் சேவைக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள். பழையதைப் புதியதாக மாற்றியபின் மேகத்துக்கு அனுப்ப, உள்ளூர் வழக்கம் தெரிந்த ஒரு சேவையகம் நடுவில் நிற்பது பெரிய வசதி. பழைய தரவுத்தளத்திலிருந்து பயனர்களை ஒவ்வொருவராக மேகத்துக்கு மாற்றும்போதும் இதே நிலைதான். உருமாற்றிய கடவுச்சொல்லிலிருந்து மூலத்தை மீட்க முடியாது என்பதால், பயனர் அடுத்தமுறை நுழையும் கணமே அதைப் பெறும் ஒரே வாய்ப்பு. மொரிஸும் தொம்சனும் விளக்கிய பாதுகாப்பே இந்த இடைத்தரகரைத் தேவையாக்குகிறது.

சட்டமும் குறுக்கே வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இயற்றப்பட்டபோது, பொது அதிகாரசபைகள் தனிப்பட்ட தரவை இலங்கைக்குள்ளேயே கையாள வேண்டும் என்பதைப் பொதுவிதியாக்கி, விலக்குக்கு இடம்வைத்தது. அமேசனுக்கு இலங்கையில் தரவு மையப் பிராந்தியம் இல்லை. சேவையகம் கொழும்பில் நின்றாலும், பயனர் பட்டியல் கடலுக்கு அப்பால் இருக்கும்வரை தரவு எங்கே கையாளப்படுகிறது என்ற கேள்வி தீராது. நாட்டுக்குள் நிறுவி ஓட்டக்கூடிய ஐடென்டிட்டி சேர்வர் போன்றவற்றுக்கு இங்கே தனி மதிப்புண்டு.

2025 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 9700 என்ற இணைய நெறிமுறை ஆவணம், ஓஆத்தில் கடவுச்சொல்லைச் செயலியிடமே கொடுத்து டோக்கன் பெறும் வகையைப் பயன்படுத்தவே கூடாது என்று விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ஐடென்டிட்டி சேர்வர் 7.0 எதிர்த் திசையிலிருந்து இதே சிக்கலுக்குள் வந்திருந்தது: பயனரை வேறு பக்கத்துக்கு அனுப்பாமல், செயலியின் திரையிலேயே படிப்படியாக உள்நுழைய இடைமுகம் தந்தது. கொக்னிட்டோவின் நிருவாகி அழைப்பு ஓஆத் வகையைச் சேர்ந்ததல்ல என்பதால், அந்தத் தடை அதைத் தொடவில்லை.