வேலுத்தம்பித் தளவாயும் மயிலாடிச் சபையும்

நாஞ்சில் நாட்டுச் சபைகளில் வழங்கிவரும் வரலாற்றில் வேலுத்தம்பித் தளவாய் நற்செய்திக்குத் தடையாய் நின்றவர். கேரளத்திலோ அவர் விடுதலை வீரர்; திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவரது சிலை நிற்கிறது. இவ்விரு சித்திரங்களில் எதுவும் முழு மனிதரைக் காட்டவில்லை என்பது என் எண்ணம்.

1765-இல் இரணியலை அடுத்த தலக்குளத்தில், செம்பகராமன் பட்டம் பெற்ற நாயர் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1798-இல் பாலராமவர்மா பதினாறு வயதில் அரியணை ஏறியபோது, அதிகாரம் ஜயந்தன் நம்பூதிரியின் கைக்கும் அவருடைய இரு கூட்டாளிகளின் கைக்கும் போயிற்று. வசதியுள்ளோரை வரவழைத்துப் பணம் கேட்பதே அவர்களுடைய ஆட்சிமுறை. அழைக்கப்பட்ட வேலுத்தம்பி மூன்று நாள் தவணை கேட்டு நாஞ்சில் நாட்டுக்கு வந்தார். திரும்பியபோது பணத்துக்குப் பதிலாக ஆயுதம் தாங்கிய மக்கள் கூட்டத்தைக் கோட்டை வாசலுக்கு அழைத்துச் சென்றார். அரசர் இணங்கினார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரின் காதுகள் அறுக்கப்பட்டன. இது நிகழ்ந்தது 1799-இல். அவ்வாண்டில்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பிரான்சில் நெப்போலியன் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார்.

கூட்டத்தின் தோளில் ஏறி வந்தவர், தளவாயான பின் கூட்டத்தை அடக்குவதில் யாருக்கும் இளைத்தவரல்லர். ஊர் ஊராகச் சென்று நின்ற இடத்திலேயே நீதி வழங்கினார். தண்டனையும் உடனடியாகவே நிறைவேறியது. இலஞ்சம் குறைந்தது, கருவூலம் நிரம்பியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேல்முறையீடு இல்லாத நீதியை நீதி என்பதா, அச்சம் என்பதா? 1804-இல் நாயர் படையினரின் படிப்பணத்தில் அவர் கைவைத்ததும் அவர்கள் கலகம் செய்தனர். கொச்சிக்கு ஓடிய தளவாய், ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் துணையைப் பெற்றே திரும்பினார். கலகத் தலைவர்கள் கொடூரமாய்க் கொல்லப்பட்டனர்.

அந்தத் துணைக்கு விலை இருந்தது. 1805 ஜனவரி உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் கம்பெனிக்குச் செலுத்த வேண்டியதாயிற்று. பாக்கி ஏறியது, மெக்காலே நெருக்கினார், நண்பர் பகைவரானார். 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியின் பாலியத்து அச்சனுடன் சேர்ந்து தளவாயின் ஆட்கள் ரெசிடெண்டின் மாளிகையைத் தாக்கினர். மெக்காலே கப்பலேறித் தப்பினார்.

1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து வெளியான அறிக்கையை நாம் கவனமாய் வாசிக்க வேண்டும். கம்பெனியின் பேராசையை அது சரியாகவே கண்டுகொண்டது. ஆனால் கோயில்களில் சிலுவை நாட்டப்படும், சாதி வேறுபாடின்றி மணம் நடத்தப்படும் என்றும் அது மக்களை அச்சுறுத்தியது. வயலில் அடிமைகளாய் உழைத்தோரின் விடுதலை அதன் கனவில் இல்லை.

அப்போது மயிலாடியில், நம் கொட்டாரத்துக்கு மிக அருகே, மகாராசன் வேதமாணிக்கத்தைச் சுற்றிச் சிறு மந்தையொன்று இருந்தது. 1806-இல் ஆரல்வாய்மொழி வழியாக வந்த ரிங்கல்தௌபே ஐயர் ஆலயம் கட்ட அனுமதி நாடித் திருவனந்தபுரம் சென்றும், தளவாயின் காலத்தில் அது கைகூடவில்லை. 1809 பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெகரின் படை அதே கணவாயைக் கைப்பற்றி நாகர்கோவிலுக்கு இறங்கிற்று. சில நாட்களில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பணிந்தன. செப்டம்பரில் மயிலாடி ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அனுமதி கிடைத்தது ரெசிடெண்டின் செல்வாக்கால். நற்செய்தியும் பீரங்கியும் ஒரே கணவாய் வழியே வந்தன என்பதை நம் நூற்றாண்டு விழா மலர்கள் மென்மையாகக் கடந்துவிடுகின்றன. அன்றைய நாயர் குடிகளின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்குமானால், அதில் வியப்பில்லை.

தளவாய் வடக்கே ஓடி, மண்ணடி பகவதி கோயிலில் மார்ச் மாத இறுதியில் உயிர்விட்டார். பகைவர் கையில் உயிருடன் அகப்பட அவர் விரும்பவில்லை. அவர் தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார்; தலக்குளத்து வீடு தரைமட்டமாக்கப்பட்டது. தளவாயின் உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் பொதுமக்கள் காணத் தொங்கவிட்டனர். கவர்னர் ஜெனரல் மின்றோ பிரபுவே அச்செயலைக் கண்டித்தார்.