ஊராத்துறையில் உடைந்த கலங்கள்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகுவின் (1153-1186) ஆணையொன்றைக் கூறுவதாகும். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும். யானையும் குதிரையும் கொணரும் கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியவை உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கலமாயின் சரிபாதி. யானை, குதிரைகளில் மன்னன் கொண்ட விருப்பே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். கல்வெட்டும் அதனை மறைக்கவில்லை.

கரையில் வாழ்ந்தோர் பங்கு யாது? அதுபற்றி ஆணையிற் சொல்லில்லை. குதிரைக் கலம் உடைந்தமையாற் கடல் கெட்டிருக்காது என்பதும் உண்மையே.

எண்ணெய்க் கப்பல் அத்தகையதன்று. 1967இல் ‘டொரி கன்யன்’ இங்கிலாந்துக் கரையருகே பாறையில் மோதிய பின்னரே, எண்ணெய்க் கேட்டுக்குக் கப்பலுடையவன் ஈடு செலுத்தும் பொறுப்பினை 1969ஆம் ஆண்டு உடன்படிக்கை வகுத்தது. இலங்கையில் 1981இலும் 2008இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கொழும்புக்கு அப்பால் 2021இல் எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ தொடர்பாக, நூறு கோடி அமெரிக்க டொலரைத் திறைசேரிக்குச் செலுத்துமாறு கப்பல் தரப்பினரை உயர் நீதிமன்றம் 2025இற் பணித்தது. அன்று பங்கு பெற்ற உடையவன் இன்று ஈடு செலுத்துகின்றான். பெறுவது மட்டும் அன்றும் இன்றும் பண்டாரமே.

ஈடு பின்னர் வருவது. தடுப்பு முன்னர் வேண்டுவது. நீரோட்டம் எப்பக்கம் திரும்பும் என்பதைத் தீவக மீனவர் அறிவர். ஆயத்தத் திட்டம் வரைவோர் முதலில் உசாவ வேண்டியவர் அவர்களே. ஆழங்குறைந்த இக்கடலில் எண்ணெய் விரைவிற் கடற்புல்லிற் படிந்துவிடக்கூடும். அதனை மறிக்கும் மிதவைத் தடுப்புகளோ, நயினாதீவானாலும் நெடுந்தீவானாலும், குறிகட்டுவானிற் படகேறியே அங்குச் சேரவேண்டும்.