ராகிக்கு இடம் தராத பட்டியல்: மைசூரும் ஆயுர்வேத உணவுத் தெரிவும்

ஆயுர்வேத உணவு பற்றி இன்று அச்சாகும் அட்டவணைகளில் ராகி தவறாமல் இடம்பெறுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர் இந்த அட்டவணைகள் இன்னும் பெருகிவிட்டன. வாத உடலுக்கு இன்னது, பித்த உடலுக்கு இன்னது என்று கட்டம் போட்டு, அதில் ராகியை 'முன்னோர் வகுத்த சமநிலை உணவு' என்று எழுதிவிடுகிறார்கள். மைசூர் வட்டாரத்தின் உணவு வரலாற்றைப் படிப்பவருக்கு இங்கே ஓர் இடறல் நேரும். ராகிக்கு உயர்வு தந்தவர்கள் யார், எப்போது தந்தார்கள் என்று தேடினால் விடை வைத்திய நூல்களின் பக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

முதலில் சரக சம்ஹிதையையே பார்ப்போம். அதன் சூத்திரஸ்தானத்தின் 25ஆம் அத்தியாயம், ஒவ்வோர் உணவு இனத்திலும் இயல்பாகவே மிக நல்லது எது, மிகத் தீயது எது என்று வரிசைப்படுத்துகிறது. தானியங்களில் முதலிடம் செந்நெல்லுக்கு, பயறுகளில் பாசிப்பயற்றுக்கு, உப்புகளில் இந்துப்புக்கு. இறைச்சிக்கும் தனி வரிசை உண்டு: மானும் காடையும் உடும்பும் தத்தம் இனத்தில் சிறந்தவை, மீன்களில் ரோகு. ஆயுர்வேத உணவு என்றாலே மரக்கறி உணவு என்று இன்று நிலவும் எண்ணம் இந்த அத்தியாயத்தைப் படித்தவரிடம் தோன்றியிருக்க முடியாது. பயறுகளில் கடைசி இடம் உளுந்துக்கு என்பதையும் இட்லி, தோசையில் வளர்ந்த நாம் குறித்துக்கொள்ளலாம்.

சிறப்பிடம் பெற்றவற்றில் ராகி இல்லை. வரகு, சாமை போன்றவற்றைப் பற்றியும் சரகம் பேசுகிறது. அவை துவர்ப்பும் இனிப்பும் உடையவை, இலகுவானவை, கபத்தையும் பித்தத்தையும் தணிப்பவை, ஆனால் வாதத்தைப் பெருக்குபவை என்கிறது. அந்தத் தர்க்கத்தின்படி ராகியும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். நெல் விளையும் ஆற்றுப்படுகைகளை அறிந்தவர்களின் தரவரிசை அது.

மைசூர்ப் பீடபூமியின் நிலவியல் வேறு. காவிரிக் கால்வாய்கள் எட்டிய இடங்களில் நெல் விளைந்தது. எஞ்சிய செம்மண் பரப்பெல்லாம் ராகி. 1800-1801இல் இப்பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், உலர்நிலப் பயிர்களுள் ராகியே தலையாயது என்றும், எளிய மக்களின் அன்றாட உணவு அதுவே என்றும் பதிவு செய்தார். நிலத்தடிக் குழிகளில் கொட்டி மூடினால் ராகி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். வேறெந்தத் தானியத்தையும்விட உழவர் இதை நம்பியதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

இவ்விரு நிலங்களின் பிணக்கை இலக்கியமாக்கியவர் கனகதாசர். மைசூருக்கு வெகு வடக்கே, இன்றைய ஹாவேரி மாவட்டத்துக் காகினெலேயோடு இணைத்துப் பேசப்படும் 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர், குறும்பர் குலத்தவர். அவருடைய இராமதானிய சரித்திரத்தில் நெல்லும் ராகியும் தம்முள் யார் பெரியவர் என்று வாதிடுகின்றன. இராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறான். வெளியே வரும்போது நெல் நலிந்திருக்கிறது, ராகி அப்படியே இருக்கிறது. தீர்ப்பு ராகியின் பக்கம். இந்தக் காவியத்தைச் சமூகச் சமத்துவத்தின் குரலாக வாசிப்பது வழக்கம், அது சரியே. ஆனால் உணவு வரலாற்றாளருக்கு அதில் இன்னொன்றும் கிடைக்கிறது. ராகியின் உயர்வுக்குக் கவிஞர் காட்டும் சான்று சுவையோ குணமோ அன்று; கெடாமல் இருக்கும் ஆற்றல். ஆறு மாதச் சிறை என்பது தானியக் குழியன்றி வேறென்ன?

ஏறத்தாழ அதே நூற்றாண்டில், இன்றைய உன்சூர் வட்டத்துக் கல்லஹள்ளியின் தலைவர் மூன்றாம் மங்கரசர் கன்னடத்தில் சூபசாஸ்திரம் என்ற சமையல் நூலைச் செய்யுளில் இயற்றினார். மாப்பண்டங்கள், பானகங்கள், சோற்று வகைகள், காய்கறிப் பக்குவங்கள் என விரியும் அந்நூல் முழுவதும் மரக்கறிச் சமையலே, ஆசிரியர் சமணர். ஒரே மொழியில், ஒரே காலத்தில், இரண்டு அடுக்களைகள். பின்னாளில் 'கர்நாடகத்தின் மரபு உணவு' என்று பேசியவர்கள் பெரும்பாலும் மங்கரசரின் அடுக்களையையே மனத்திற்கொண்டார்கள்.

குழி எல்லாவற்றையும் காத்துவிடவில்லை. 1876-78 பஞ்சத்தில் மழை தொடர்ந்து பொய்த்தபோது மைசூர் சமஸ்தானமே சரிந்தது. 1871 கணக்கெடுப்பில் 50 இலட்சத்துக்குச் சற்று மேலிருந்த மக்கள்தொகை 1881இல் 42 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. உணவைத் தெரிவு செய்வது பற்றி எழுதும் எவரும், தெரிவு என்பதே எல்லோருக்கும் வாய்க்காத ஒன்று என்பதை இந்த எண்களைப் பார்த்த பிறகேனும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் மைசூர் நகரம் உடல்நலம் பற்றிய இரு கல்விமரபுகளுக்கும் இருப்பிடமாயிற்று. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1908இல், ஆயுர்வேதக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1950இல் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. இவற்றுக்கு நடுவே, நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வட்டார உணவுகளை ஊட்டி வளர்ச்சியை ஒப்பிட்டிருந்தார். சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது; கன்னடர் உணவு நடுவில்; சென்னை மாகாணத்தார் உணவு கடைசி. சரகத்தில் முடிசூடிய அரிசி, தீட்டப்பட்டுத் தனித்து உண்ணப்பட்டபோது எலிக்கூண்டில் தோற்றுப்போனது.

செலுவாம்பா மாளிகையின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன், தம் சகாக்களோடு சேர்ந்து 1955இல் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராகி சேர்ந்த எளிய மரக்கறி உணவை உண்ணும் பெரியவர்களின் உடலில் நைட்ரஜன், சுண்ணாம்பு, பாஸ்பரஸ் ஆகியவை எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதே பொருள். உட்சென்ற அளவையும் வெளியேறிய அளவையும் கணக்கிட்டுக் கழிக்கும் இம்முறைக்கும் 'சமநிலை ஆய்வு' என்றே பெயர். தாதுக்களைச் சமநிலையில் நிறுத்துவதே தன் பயன் என்று சரகமும் சொல்லிக்கொள்கிறது. சொல் ஒன்று, பொருள் வேறு. முன்னது கூட்டல் கழித்தல். பின்னது குணங்களின் இழுபறி. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் எழுத்துகள் இரண்டுக்குமே நீதி செய்வதில்லை. இன்றைய அட்டவணைகளில் ராகிக்கு வந்த புகழ் இந்த இரண்டாம் மரபின் கொடை: 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 360 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் 10-க்கும் குறைவு.

அப்படியானால் ஆயுர்வேதத்துக்கு ராகியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லையா? நிறைய உண்டு, பட்டியலை விட்டு முறையைப் படித்தால். விமானஸ்தானத்தின் முதல் அத்தியாயம் உணவின் பயனைத் தீர்மானிக்கும் எட்டுக் கூறுகளை வகுக்கிறது: பொருளின் இயல்பு, பக்குவம், சேர்க்கை, அளவு, இடம், காலம், உண்ணும் முறை, உண்பவர். எட்டில் ஒன்றுதான் பொருளின் இயல்பு. அட்டவணைகள் அந்த ஒன்றையும், உண்பவரின் உடல்வாகையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஆறைக் கைவிட்டன. உடலின் இயல்புக்கு எதிர்க்குணம் கொண்ட உணவைக் கொள்க என்ற விதி சரகத்தில் உண்டு, மறுக்கவில்லை. சமநிலை உடையவர் எல்லாச் சுவைகளையும் பழகுக என்பதும் அங்கேயே உண்டு.

ராகி முத்தேயை, நம் தருமபுரிப் பக்கத்துக் களி உருண்டையை, இந்த எட்டினுள் வைத்துப் பாருங்கள். தானியம் வறட்சியானது. ஆனால் மாவாக்கிக் கொதிநீரில் கிண்டும்போது பக்குவம் மாறுகிறது. கீரைச் சாறோ கொள்ளுச் சாறோ சேர்த்து அதை உண்பது வழக்கம். மெல்லாமல் சூட்டோடு சாற்றில் தோய்த்து விழுங்குவதே முறை. இடம் மழை குறைந்த மேட்டுநிலம். உண்பவர் விடியலில் ஏர் பிடித்தவர். ஒவ்வாத சேர்க்கைகூடப் பழகியவருக்கும், பசித்தீ வலுத்தவருக்கும், உடலுழைப்பு உடையவருக்கும் தீங்கு செய்வதில்லை என்று சரகமே விதிவிலக்குத் தருகிறது. சிகிச்சாஸ்தானத்தின் 30ஆம் அத்தியாயமோ தேசம்தோறும் பழகிய உணவுகளைச் சொல்லி, கிழக்கத்தியருக்கு மீன், சிந்துநாட்டாருக்குப் பால், தென்னாட்டாருக்குக் கஞ்சி என்று வகுத்து, மருந்தையும் அந்தப் பழக்கத்தை ஒட்டியே தரச் சொல்கிறது. நம் வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கியும் ஓர் உணவின் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்டதை இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

இந்த வாசிப்பில் ராகி எல்லோருக்கும் நல்லது என்ற முடிவும் கிடைக்காது. ஏர் பிடித்தவரின் பேரர் இன்று மைசூரில் கணினிமுன் பத்து மணிநேரம் அமர்ந்திருக்கிறார். முத்தே அதேதான், சாறும் அதேதான். அளவும் உண்பவரும் மாறிவிட்டனர். சரகத்தின் கணக்குப்படி அவருக்குரிய விடையைப் புதிதாகத்தான் தேட வேண்டும்.