800 வாட் கணக்கு

2014-ம் ஆண்டு புதுச்சேரியில் ஒரு பண்டமாற்று நடந்தது. பழைய 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்தால், பத்து ரூபாய்க்கு 7 வாட் எல்.இ.டி. பல்பு. வீட்டுக்கு மூன்று. இ.இ.எஸ்.எல். நிறுவனத்தின் இந்தத் திட்டம் நாட்டிலேயே முதலில் தொடங்கியது இங்கேதான். 2015-ல் நாடு முழுவதும் பரவி, பிறகு "உஜாலா" என்று பெயர் பெற்றது.

எல்லோரும் பேசியது கரண்ட் பில்லைப் பற்றித்தான். ஆனால் அந்தப் பல்புகள் இன்னொரு பழைய கணக்கையும் மாற்றிவிட்டன. ஒரு லைட் சர்க்யூட் எவ்வளவு சுமை தாங்கும் என்ற கணக்கு அது.

இந்தக் கவலை மின்விளக்கோடு கூடவே பிறந்தது. 1880-லேயே எடிசன் ஃபியூஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1882-ல் லண்டனில் மின்விளக்கால் தீப்பிடிப்பதைத் தடுக்க விதிகள் எழுதப்பட்டன. ஏன் இவ்வளவு அவசரம்? மின்சாரம் ஓடும்போது ஒயர் சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சுவருக்குள் இருக்கும் ஒயர் சூடாவது யார் கண்ணுக்கும் தெரியாது!

இந்திய ஒயரிங் நெறிமுறைகளில் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த விதி இது: ஒரு லைட் சர்க்யூட்டில் பத்து பாயிண்டுகளுக்கு மேல் கூடாது, மொத்தச் சுமை 800 வாட்டைத் தாண்டக் கூடாது. பல்புக்கு 60, ஃபேனுக்கு 60, சாதாரண பிளக் பாயிண்டுக்கு 100 வாட் என்று கணக்கு. நான்கு பல்பு, மூன்று ஃபேன், மூன்று பிளக் என்றால் 720 வாட். அளவுக்குள் அடங்கிவிடும்.

800 வாட் என்பது 230 வோல்ட்டில் சுமார் 3.5 ஆம்பியர். அந்தக் கால 5 ஆம்பியர் ஃபியூஸ் 1150 வாட் வரை தாங்கும். அப்படியானால் மீதி எதற்கு? லூசான இணைப்பு, பழைய ஒயர், வெயில் காலம் எல்லாவற்றுக்குமான கையிருப்பு அது. வங்கியில் மினிமம் பேலன்ஸ் வைப்பது போல.

மூன்று குண்டு பல்புகள் 180 வாட். அதே இடத்தில் மூன்று எல்.இ.டி. வெறும் 21 வாட். விளக்கால் லைட் சர்க்யூட்டுக்கு வந்த பாரம் போயே போய்விட்டது. அப்படியானால் ஆபத்தும் போய்விட்டதா?

இல்லை. காலியான இடத்தில் வேறு ஆட்கள் குடியேறிவிட்டார்கள். அயர்ன் பாக்ஸ் 1000 வாட், மிக்ஸி 750 வாட். இரண்டையும் ஒரே லைட் சர்க்யூட்டின் பிளக்குகளில் போட்டால் 7.6 ஆம்பியர். 6 ஆம்பியர் எம்.சி.பி. கீழே விழுகிறது. உடனே சிலர் 16 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டிவிடுகிறார்கள். முன்பு ஃபியூஸில் நாலு கம்பியை முறுக்கிப் போட்ட அதே தவறுதான், கொஞ்சம் நாகரிகமாக. காவலாளிக்கு லஞ்சம் கொடுத்தாயிற்று, ஒயர் மட்டும் பழசு!

புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலத்து வீடுகள் பலவற்றின் கூரை மர உத்திரங்களின் மேல் நிற்கிறது. அங்கே சூடேறும் ஒரு பழைய ஒயர் சின்ன விஷயமல்ல.

ஆகவே எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால் மாற்ற வேண்டியது எம்.சி.பி.யை அல்ல. சுமையைக் குறைக்க வேண்டும். அல்லது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்து, தடித்த ஒயரில் தனி பவர் சர்க்யூட் போட வேண்டும். 1882-ல் எழுதிய பயம் இன்னும் காலாவதியாகவில்லை.