விருது முந்தியா, கொட்டகை முந்தியா?

வெளிநாட்டு விழாவில் ஒரு தமிழ்ப் படம் பரிசு வாங்கினால் அதை 'அங்கீகாரம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்தப் பரிசு மக்களுக்குப் பின்னால் வந்ததா, முன்னால் வந்ததா என்று பார்ப்பதில்லை. என் வாதம் இந்த வரிசையைப் பற்றியது.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வெளியானது. மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகரானார், ஜி. ராமநாதனின் இசையும் பரிசு பெற்றது. கெய்ரோ கைதட்டுவதற்கு முன்பே இங்கே கொட்டகைகள் கைதட்டியிருந்தன.

பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' இதற்கு நேர்மாறு. 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதைப் பெற்று, அவ்வாண்டே ஆஸ்கருக்கு இந்தியாவின் படமாகவும் போனது. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுக் கைக்குழந்தையோடு நடந்தே வந்த தன் சகோதரியிடமிருந்து இயக்குநர் எடுத்த கதை. படத்தில் நடப்பவர்கள் ஒரு குடிகாரத் தகப்பனும் அவன் மகன் வேலுவும். வெயிலில் தாகம் அடங்க வேலு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து வைக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. இந்த நடை முதல்முறை அல்ல என்பதை வசனம் சொல்லவில்லை, அந்தக் குவியல் சொல்கிறது.

கொட்டகைக்கு இங்கே குறைவில்லை. சென்னைக்குத் தெற்கே திருப்போரூரில் இருப்பவர் படம் பார்க்க வடக்கே நாவலூர் ஏ.ஜி.எஸ். திரையரங்குக்குப் போகலாம்; நெம்மேலிப் பக்கம் கழியைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்தால் கானாத்தூர் மாயாஜால். இத்தனை திரைகள் இருந்தும், விருது பெற்ற 'கூழாங்கல்' 2023 அக்டோபரில் நேராக இணையத்துக்குப் போனது.

'இப்படிப்பட்ட படம் கொட்டகையில் ஓடாது' என்பார்கள். பின்னணி இசையே இல்லாத வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லினில் திரையிடப்பட்டு ஆகஸ்டில் திரையரங்குக்கு வந்தபோது, முடிவு எங்கே என்று கேட்டு எழுந்து போனவர்கள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் நடிகர் சூரியின் படம் என்று நம்பி வந்தவர்களின் ஏமாற்றம் அது. அதை வைத்து ரசனையை அளப்பது அவசரம்.

பிரேசிலைப் பாருங்கள். 1990இல் அரசு தன் திரைப்பட நிறுவனத்தை மூடியதும் அங்கே படத் தயாரிப்பே ஏறக்குறைய நின்றுபோனது. பிறகு பொதுப்பணமும், உள்நாட்டுப் படத்துக்குத் திரை ஒதுக்கும் சட்டமும் மெல்ல மீட்டன. வால்டர் சாலஸ் 1998இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கினார். அவருடைய 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' 2025 மார்ச்சில் ஆஸ்கர் வென்றபோது, சொந்த நாட்டில் 50 இலட்சம் பேருக்கு மேல் சீட்டு வாங்கிப் பார்த்திருந்தார்கள். சர்வாதிகாரக் காலத்தில் காணாமல் போன ஒருவரின் குடும்பக் கதை அது. கலகலப்பான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

'கூழாங்கல்'லின் கடைசிக் காட்சியில் ஒரு பெண் ஊற்றுக் குழியில் கசியும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறாள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். குடம் நிறைய எவ்வளவு நேரமோ, கேமராவும் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது. கைபேசியில் அந்த இடம் வந்தபோது என் கட்டைவிரல் தானாகவே முன்னோக்கித் தள்ளப் போனது.