கம்ப்யூட்டர் சென்டரும் கல்லூரியும்

1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது 1973-ல். அன்றைக்குக் கணினியைக் கண்ணால் பார்க்கவே இப்படி ஒரு பெரிய இடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். வெளியே போய்க் கற்றுக்கொள்ள வழி ரொம்பக் குறைவு.

1981-ல் டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் என்.ஐ.ஐ.டி.யைத் தொடங்கினார்கள். (பயிற்சி மையம் ஆரம்பித்தவர்களே பட்டதாரிகள்தான்!) 1986-ல் ஆப்டெக் வந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடிகளில்கூட 'கம்ப்யூட்டர் சென்டர்' போர்டு தொங்க ஆரம்பித்தது.

கல்லூரியில் ஒரு பாடம் மாற வேண்டுமென்றால் பாடத்திட்டக் குழு கூட வேண்டும், பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. எதற்கு வேலை இருக்கிறதோ அதற்கு அடுத்த மாதமே ஒரு பேட்ச். பழைய புரோகிராம்களில் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியிருந்ததால் 2000 பிறக்கும்போது எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்ததே, அப்போது கோபோல் தெரிந்தவர்களுக்குத் திடீர் மவுசு. அந்த ஆட்களைச் சீக்கிரம் தயார் செய்ய சென்டர்தான் சரியான இடம்.

ஆனால் அமெரிக்கா போக அது மட்டும் போதவில்லை. 1990-ல் வந்த சட்டப்படி எச்-1பி விசாவுக்குப் பட்டம் வேண்டும், அல்லது அதற்கு ஈடான தகுதி. பட்டத்தில் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் மூன்று வருட அனுபவம் காட்டலாம். பிளஸ் டூ முடித்தவர் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம்! அதனால்தான் பகலில் பி.எஸ்சி.யோ பி.காமோ, சாயங்காலம் சென்டர் என்று பலர் ஓடினார்கள். வீட்டில் இரண்டு ஃபீஸ்.

இந்த இடைவெளியை அடைக்க மத்திய அரசு 1990-ல் டோயாக் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். பி நிலை தேறினால் எம்.சி.ஏ.வுக்குச் சமம். நல்ல யோசனைதான், ஆனாலும் 'எந்த காலேஜ்?' என்று கேட்பவர்களிடம் எடுபடுவது கஷ்டம்.

2000 மார்ச்சுக்குப் பிறகு அமெரிக்கப் பங்குச்சந்தையில் டாட்காம் கம்பெனிகள் சரிந்தன. 2001-ல் வேலை வற்றியது, பல சென்டர்கள் மூடப்பட்டன. பட்டம் கையில் இருந்தவர்கள் வங்கி அதிகாரி தேர்வுக்கோ குரூப் 2-க்கோ விண்ணப்பம் வாங்கினார்கள். பிளஸ் டூ முடித்து, கடன் வாங்கி, நேராக சென்டருக்குப் போனவர்களுக்கு அந்த விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை.